காஸ்ஃபோர்த் கல் சிலுவையை நிதானமா பாக்குறது எப்படி

இங்கிலாந்துல லேக் டிஸ்ட்ரிக்ட் டூர் போறவங்க வாஸ்ட்வாட்டர் ஏரியைப் பாக்கணும்னா பெரும்பாலும் காஸ்ஃபோர்த்ங்கிற கிராமத்தைத் தாண்டித்தான் போவாங்க, ஆனா அந்த ஊர் செயின்ட் மேரிஸ் சர்ச் கல்லறைத் தோட்டத்துல ஆயிரம் வருஷத்துக்கு மேலா வெயில்லயும் மழையிலயும் நிக்கிற ஒரு சிலுவை இருக்குன்னு தெரியாமலே காரை ஓட்டிட்டுப் போயிடுறாங்க. இறங்கிப் பாக்குறவங்கள்லயும் பாதி பேர் ரெண்டு நிமிஷம் அண்ணாந்து பாத்துட்டு, ஒரு செல்ஃபி எடுத்துட்டு, ஒண்ணும் தெரியலையே எல்லாம் தேஞ்சு போச்சேன்னு கிளம்பிடுறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும். ஏன்னா தேஞ்சது கொஞ்சம்தான். எந்த நேரத்துல போகணும், எங்க நிக்கணும், எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சா அந்தக் கல்லு முழுக்க ஆளுங்களும் மிருகங்களும் ஒண்ணொண்ணா வெளிய வருவாங்க. அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மேப்ல வெறும் காஸ்ஃபோர்த்னு அடிச்சா நியூகாஸில் சிட்டி பக்கத்துல இருக்குற காஸ்ஃபோர்த்துக்குக் கூட்டிட்டுப் போயிடும், அது நாட்டோட கிழக்குக் கடற்கரைப் பக்கம், உங்களுக்கு வேண்டியது மேற்குக் கடற்கரைப் பக்கம், கம்ப்ரியால இருக்குறது. அதனால "காஸ்ஃபோர்த் கம்ப்ரியா செயின்ட் மேரிஸ் சர்ச்"னு முழுசா போடுங்க. ட்ரெயின்னா கம்ப்ரியன் கோஸ்ட் லைன்ல சீஸ்கேல் ஸ்டேஷன்ல இறங்கணும், அங்கிருந்து ஏறக்குறைய நாலு கிலோமீட்டர், நடக்கவும் செய்யலாம். ஞாயித்துக்கிழமைன்னா காலைல பிரார்த்தனை இருக்கும், ட்ரெயினும் கம்மி, அதனால வேற நாள் பாத்துக்கிறது நல்லது. கையில ஒரு சின்ன பைனாகுலர், ஒரு டார்ச், பென்சில், நோட்டு. இது போதும். பைனாகுலர் எதுக்குன்னு கேக்காதீங்க, கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. சிலுவை 4.4 மீட்டர் உயரம், முக்கியமான ரெண்டு காட்சி நம்ம தலைக்கு மேல ரொம்ப உசரத்துல இருக்கு.

முதல்ல தூரத்துல நின்னு உருவத்தைப் பாருங்க. செம்மணல் கல்லு. இவ்வளவு உசரத்துக்கு ரொம்ப ஒல்லியா இருக்கும், ஸ்காண்டிநேவியாவுல இருந்து கடல் வழியா வந்த வைக்கிங் ஆளுங்க காலத்துச் சிலுவைகள்ல இங்கிலாந்துல இவ்வளவு உசரமா முழுசா நிக்கிறது இது ஒண்ணுதான். தண்டோட கீழ்ப்பகுதி மரத்தண்டு மாதிரி உருண்டையா இருக்கும், மேல போகப் போக நாலு பட்டையா மாறும், உச்சியில வட்டம் சேந்த சிலுவைத் தலை. நார்ஸ் கதைகள்ல, அதாவது அந்த வைக்கிங் ஆளுங்களோட பழைய தெய்வக் கதைகள்ல, உலகத்தையே தாங்குற இக்ட்ராசில்ங்கிற மரம் ஒண்ணு வரும், அந்த உருண்டைத் தண்டு அந்த மரத்தை நினைச்சுச் செதுக்கினதுன்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. எனக்கு அதுல நம்பிக்கை உண்டு, ஆனா அதை முதல்லயே மனசுல ஏத்திக்காம வெறும் கண்ணால ஒரு சுத்து சுத்தி வாங்க. உருண்டை எங்க முடிஞ்சு பட்டை எங்க ஆரம்பிக்குதோ, அந்த இடத்தை நல்லா கவனிச்சு வெச்சுக்கோங்க. கதை சொல்ற சிற்பம் எல்லாம் அதுக்கு மேலதான்.

இப்ப வெளிச்சம். இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

இந்தச் செதுக்கல் ரொம்ப ஆழமில்ல. அப்படிப்பட்ட சிற்பத்து மேல வெளிச்சம் நேரா விழுந்தா எல்லாம் தட்டையாத்தான் தெரியும், நிழலே இருக்காது. வெளிச்சம் பக்கவாட்டுல, கல்லை உரசிட்டுப் போற மாதிரி வந்தாத்தான் மேடும் பள்ளமும் பிரியும். கிழக்கு முகத்தைக் காலைல பாக்கணும், மேற்கு முகத்தைச் சாயங்காலம் பாக்கணும்னுதான் எல்லாரும் நினைப்போம், ஆனா அது நேர்மாறு. காலைல சூரியன் கிழக்கு முகத்துக்கு நேர் எதிர்ல நிக்கும், அப்ப கல்லோட நிறம் அழகா இருக்கும், சிற்பம் தெரியாது. சூரியன் நகந்து நேர் தெற்குக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெளிச்சம் கிழக்கு முகத்தை ஓரமா உரசும், அதுதான் உங்க நேரம். தெற்கைத் தாண்டின உடனே அதே மாதிரி மேற்கு முகத்துல ஆரம்பிக்கும். அதாவது நடுப்பகல்ல கொஞ்ச நேரத்துக்குள்ளயே முக்கியமான ரெண்டு முகமும் அடுத்தடுத்து உங்களுக்குக் கிடைக்கும்.

ஆனா நடுப்பகல்னா கடிகாரத்துல 12 மணின்னு போயிடாதீங்க. பிரிட்டன் கடிகாரத்துக்கு அடிப்படை கிரீன்விச்ங்கிற இடத்தோட நேரம், காஸ்ஃபோர்த் அதுக்கு மேற்கால இருக்கு, அது போக கோடையில பிரிட்டன்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருப்பாங்க, அதனால அங்க சூரியன் நேர் தெற்குக்கு வர்றது ஜூன்ல கிட்டத்தட்ட மதியம் 1.15க்கு. குளிர்காலத்துல 12 மணியைத் தாண்டி கொஞ்ச நேரத்துல. ஜூன்ல போறீங்கன்னா 12.30லேர்ந்து 2 மணி வரைக்கும் வேற எந்த வேலையும் வெச்சுக்காதீங்க, சாப்பாட்டை முன்னாடியே முடிச்சிடுங்க.

தெற்கு முகத்துக்குச் சூரியன் நேர் கிழக்கைத் தாண்டின கொஞ்ச நேரத்துலயோ, நேர் மேற்குக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியோ போகணும். வடக்கு முகம்தான் கஷ்டம். செப்டம்பர் கடைசில இருந்து மார்ச் வரைக்கும் அந்த முகத்துல நேரடி வெயில் விழவே விழாது, சூரியன் அந்தப் பக்கம் வர்றதே கிடையாது. ஜூன்லன்னா காலை 8.30க்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு அப்புறமும் விழும், அதுலயும் சாயங்காலம் 6 மணி தாண்டின முதல் அரை மணி நேரம் அருமையா உரசும். அந்த ஊர்ல அப்ப இருட்டறதுக்கு 10 மணிக்கு மேல ஆகும், அதனால அவசரமே இல்ல.

மேகமா இருந்தா? கம்ப்ரியால பாதி நாள் அப்படித்தான் இருக்கும். அப்ப டார்ச் எடுங்க. கல்லுக்கு நேரா அடிக்காம, ஓரத்துல நின்னு முகத்தோட ஒட்டினாப்ல சாய்ச்சு அடிங்க, இன்னொருத்தர் முன்னாடி நின்னு பாக்கணும். பகல் வெளிச்சம் இறங்குற நேரம்தான் இதுக்குச் சரி. மேல இருக்குற காட்சிகளுக்கு டார்ச்சை ஒரு செல்ஃபி ஸ்டிக்ல கட்டி உசத்திப் பிடிக்கலாம், கல்லுல மட்டும் பட்டுடக் கூடாது. இருட்டுல கல்லறைத் தோட்டத்துல வெளிச்சம் அடிச்சுட்டு நின்னா ஊர்க்காரங்க என்னமோ ஏதோன்னு நினைப்பாங்க, சர்ச்ல முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

நம்மூர்ல கல்வெட்டுல எழுத்து தெரியறதுக்குச் சாக்பீஸோ சுண்ணாம்புப் பொடியோ தடவுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. இங்க அதை நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. பேப்பரை வெச்சு பென்சில்ல தேய்க்கிறதும் வேண்டாம், பாசியைச் சுரண்டுறதும் வேண்டாம். மணல் கல்லு மேல்தோல் மாதிரி உரிஞ்சு வர்ற கல்லு, ஒரு தடவை உரிஞ்சா அந்த முகம் போச்சு. இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமும்கூட, சேதம் பண்ணினா குற்றம்.

சரி, இப்ப கதைக்கு வருவோம். கிழக்கு முகத்துல ஆரம்பிங்க, அதுலயும் கீழ இருந்து. ஒரு செவ்வகச் சட்டத்துக்குள்ள கை ரெண்டையும் விரிச்சு ஒரு ஆள் நிக்கிறார். இயேசு. சிலுவையில அறைஞ்ச காட்சிதான், ஆனா அவருக்குப் பின்னாடி சிலுவையே கிடையாது, அந்தச் சட்டம் மட்டும்தான். அவருக்குக் கீழ ரெண்டு பேர். ஒருத்தன் கையில ஈட்டி, விலாவுல குத்தின சிப்பாய், லாஞ்சினஸ்னு மரபுல சொல்ற ஆள். எதிர்ல ஒரு பொண்ணு, பின்னாடி இழுத்துட்டுப் போற நீளமான உடுப்பு, முடியைப் பின்னால முடிஞ்சு விட்டிருக்கா, கையில ஏதோ ஒரு பாத்திரம். இவளைத்தான் நிதானமா பாக்கணும். மகதலேனா மரியா தைலக் குப்பியோட நிக்கிறாங்கன்னு ஒரு விளக்கம் உண்டு. ஆனா அந்த உடுப்பும் அந்த முடியும் அப்படியே ஸ்காண்டிநேவியாவுல வைக்கிங் காலத்துச் சின்னச் சின்ன வெள்ளிப் பதக்கங்கள்ல வர்ற பொண்ணுங்க மாதிரியே இருக்கு, அந்தப் பொண்ணுங்க கொம்புக் கிண்ணத்துல வீரர்களுக்கு மது கொண்டு வந்து வரவேற்கிறவங்க. செதுக்கினவர் பைபிள்ல வர்ற ஒரு பொண்ணைத் தன் ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச உடுப்புல நிறுத்தியிருக்கார். பைனாகுலர் இல்லாமலே தெரியும், சட்டத்துக்குக் கீழ வலதும் இடதுமா தேடுங்க.

அப்புறம் அப்படியே கண்ணை மேல ஏத்துங்க. அங்க ஒரு ஆள் வாயைப் பிளந்த ஒரு மிருகத்துக்கு முன்னாடி நிக்கிறான், ஒரு கை மேல் தாடையைப் பிடிச்சிருக்கு, ஒரு கால் கீழ் தாடைக்குள்ள. அந்தக் காலைப் பாத்தீங்கன்னா விஷயம் முடிஞ்சது. நார்ஸ் கதைப்படி உலகம் முடியற நாள்ல, ராக்னராக்ல, ஃபென்ரிர்ங்கிற ஓநாய் தெய்வங்களோட தலைவன் ஓடினை விழுங்கிடும், ஓடினோட பையன் விடார் வந்து ஓநாயோட கீழ் தாடையில காலை வெச்சு மேல் தாடையைக் கையால பிடிச்சு வாயைக் கிழிப்பான். கல்லுல இருக்குறது அப்படியே அதுதான். இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, இந்தக் கதை ஐஸ்லாந்துல எழுத்துல வந்தது 13ஆம் நூற்றாண்டுல. இந்தச் சிலுவை 10ஆம் நூற்றாண்டோட முதல் பாதியைச் சேந்தது. அதாவது யாரும் இதை ஏட்டுல எழுதறதுக்கு ஏறக்குறைய 300 வருஷம் முன்னாடியே ஒரு சிற்பி கம்ப்ரியா கிராமத்துல அந்தக் காலை அந்த வாய்க்குள்ள வெச்சுட்டார்.

இப்ப மேற்கு முகத்துக்குப் போங்க. கீழ, கட்டிப் போட்ட ஒருத்தன். அவன் பக்கத்துல மண்டி போட்ட மாதிரி ஒரு பொண்ணு, கையில கிண்ணம். நார்ஸ் கதைகள்ல வர்ற சூழ்ச்சிக்காரன் லோக்கியும் அவன் பொண்டாட்டி சிகினும். லோக்கி செஞ்ச துரோகத்துக்குத் தண்டனையா தெய்வங்கள் அவனைப் பாறையில கட்டிப் போட்டு மேல ஒரு பாம்பைத் தொங்க விட்டுடுவாங்க, விஷம் சொட்டிக்கிட்டே இருக்கும், சிகின் கிண்ணத்துல பிடிச்சுக்கிட்டே இருப்பா. கிண்ணம் நெறஞ்சு கொட்டப் போற அந்த நேரத்துல விஷம் அவன் முகத்துல விழும், அவன் துடிக்கிற துடிப்புலதான் நிலநடுக்கம் வருதுங்கிறது கதை. இந்தக் காட்சியில கிண்ணத்தைத் தேடிக் கண்டுபிடிங்க, மத்ததெல்லாம் தானா பிடிபடும். அதுக்கு மேல உசரத்துல ஒருத்தன் கையில கொம்பும் ஒரு கோலும் வெச்சு, வாயைப் பிளந்துட்டு வர்ற ரெண்டு மிருகத்தைத் தடுத்து நிக்கிறான், இவனைத் தெய்வங்களோட காவல்காரன் ஹெய்ம்டால்னு பெரும்பாலானவங்க ஏத்துக்கிறாங்க, ராக்னராக் வந்துடுச்சுன்னு கொம்பு ஊதுறது அவன் வேலை.

தெற்கும் வடக்கும் இவ்வளவு தெளிவா பேசாது. குதிரை வீரர்கள் வர்றாங்க, சில இடத்துல தலைகீழாவே வர்றாங்க, தெற்கு முகத்துல ஒரு மான் இருக்கு, பாம்பு உடம்பு சங்கிலி மாதிரி பின்னிட்டே போகுது. இவங்க யாருன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப் போகல. இங்க நீங்க பேர் தேடாம பின்னலை மட்டும் பாருங்க, ஒரு பாம்போட தலையில விரலை வெச்ச மாதிரி நினைச்சுக்கிட்டு (தொடாம) அது எங்க வளையுது, எங்க அடியில போகுது, எங்க முடியுதுன்னு கண்ணாலயே பின்தொடருங்க. எனக்கு இந்த ரெண்டு முகமும் கதை முகங்களுக்குக் குறைஞ்சதா தோணவே இல்ல.

சிலுவையில ஒரு எழுத்துகூட கிடையாது. இதே வட இங்கிலாந்துல பியூகாஸில் சிலுவையில ரூன்ங்கிற பழைய வட ஐரோப்பிய எழுத்து இருக்கு, இங்க ஒண்ணுமில்ல. யார் செதுக்கினது, யார் செலவு பண்ணினது, யாருக்காக, எதுவும் சொல்லல. அதனால எல்லாத்தையும் உருவம்தான் சொல்லணும், அதுக்குத்தான் இவ்வளவு நேரம் பாக்கச் சொல்றேன். அந்தக் காலத்துல அயர்லாந்து, மேன் தீவு வழியா வந்த நார்ஸ் ஆளுங்க இந்தக் கடலோரத்துல குடியேறி, பக்கத்துல இருந்த கிறிஸ்தவங்களோட கலந்துட்டு இருந்தாங்க. மேன் தீவுல ஆண்ட்ரியாஸ் ஊர்ச் சர்ச்சுலயும் ஒரு உடைஞ்ச கல் இருக்கு, ஓடின் காலை ஓநாய் கவ்வுற காட்சி. காஸ்ஃபோர்த் சிலுவையைப் பாதி பழைய மதம், பாதி புது மதம், ரெண்டுங்கெட்டான்னு எழுதுறவங்களைப் பாத்தா எனக்கு ஏத்துக்க முடியல. பழைய தெய்வங்கள் சாகுற நாளையும் இயேசு சாகுற நாளையும் சிற்பி ஒரே கல்லுல, அதுலயும் கிழக்கு முகத்துல ஒண்ணுக்கு மேல ஒண்ணா வெச்சிருக்கார். கீழ இயேசு சாவைத் தாங்கி நிக்கிறார், மேல ஒரு மகன் விழுங்க வந்த வாயைக் கிழிக்கிறான். தெரிஞ்ச கதையை வெச்சுத் தெரியாததைச் சொல்லியிருக்கார், ரொம்ப யோசிச்சு இடம் பாத்து வெச்சிருக்கார். அந்த ரெண்டு காட்சியையும் தனித்தனியா போட்டோ எடுக்காம ஒரே ஃபிரேம்ல எடுங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

போட்டோன்னா, கீழ நின்னு அண்ணாந்து எடுத்தா மேல் காட்சிகள் குறுகிப் போயிடும். நல்லா பின்னாடி போய், ஜூம்ல எடுங்க. ஒரு முகத்துக்கு வெளிச்சம் மாற மாற அரை மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு எடுத்து வெச்சு வீட்டுல வரிசையா பாத்தீங்கன்னா ஒண்ணுல இல்லாத கோடு இன்னொண்ணுல இருக்கும். ஆனா போட்டோவுக்கு முன்னாடி ஒரே ஒரு காட்சியையாவது நோட்டுல வரைங்க. வரையத் தெரியணும்னு இல்ல. விடாரோட கால் எங்க ஆரம்பிக்குதுன்னு வரையும்போதுதான் நம்ம கண்ணு நிஜமாவே அங்க போகும்.

அப்புறம் சர்ச்சுக்குள்ள போங்க, பலர் விட்டுடுறாங்க. உள்ள ரெண்டு ஹாக்பேக் கல்லறைக் கற்கள் இருக்கு, கூரை வேய்ஞ்ச வீடு மாதிரி முதுகு வளைஞ்ச கல், ஒண்ணுக்கு வாரியர்ஸ் டூம், இன்னொண்ணுக்கு செயின்ட்ஸ் டூம்னு பேர். 1890கள்ல சர்ச்சைப் புதுப்பிக்கும்போது அடித்தளத்துக்குள்ள இருந்து கிடைச்சது. வாரியர்ஸ் டூம்ல கேடயமும் ஈட்டியுமா ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க. சுவர்ல பதிச்ச ஃபிஷிங் ஸ்டோனை மறக்காதீங்க: படகுல ரெண்டு பேர், ஒருத்தன் இடி தெய்வம் தோர், ஒரு கையில சுத்தியல், இன்னொரு கையில தூண்டில், தூண்டில் முனையில இரையா ஒரு மாட்டுத் தலை, சுத்தி மீன்கள். உலகத்தைச் சுத்திக் கிடக்குற பாம்பைப் பிடிக்கப் போன கதை. சின்னக் கல்லுதான், ஆனா மழையில தேயாததால கோடெல்லாம் இன்னும் தெளிவா இருக்கு, வெளிய இருக்குற சிலுவையும் ஒரு காலத்துல எவ்வளவு கூர்மையா இருந்திருக்கும்னு புரியும். முடிஞ்சா முதல்ல இதைப் பாத்து கண்ணைப் பழக்கிட்டு அப்புறம் வெளிய போங்க, நான் யாரையாவது கூட்டிட்டுப் போனா அப்படித்தான் செய்வேன். போகும்போது உண்டியல்ல ஏதாவது போட்டுட்டுப் போங்க, சின்ன ஊர்ச் சர்ச், கூரையும் கல்லும் அவங்கதான் பாத்துக்கிறாங்க.

19ஆம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் பாசி மூடி இருந்ததால இந்தச் சிற்பமெல்லாம் என்னன்னே யாரும் சரியா சொல்லல. அந்த ஊர் டாக்டர் சார்லஸ் அருண்டேல் பார்க்கரும், வில்லியம் ஸ்லேட்டர் கால்வர்லிங்கிற பாதிரியாரும்தான் உக்காந்து பாத்துக் கண்டுபிடிச்சாங்க. கால்வர்லி அதோட விடல, 1887ல தான் பாத்துக்கிட்ட ஆஸ்பாட்ரியா ஊர்ச் சர்ச் தோட்டத்துல அதே அளவுக்கு ஒரு நகல் செஞ்சு நிறுத்திட்டார். அதே கம்ப்ரியா கரையில வடக்க கொஞ்சம் தள்ளி இருக்கு, கார் இருந்தா அதே நாள்லயே போயிடலாம். லண்டன்ல இருக்குறவங்களுக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல 1882ல எடுத்த பிளாஸ்டர் அச்சு ஒண்ணு இருக்கு, மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது, டிஸ்ப்ளேல இருக்கான்னு மட்டும் அவங்க சைட்ல ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்புங்க. அந்த அச்சு எடுத்ததுக்கு அப்புறம் 140 வருஷ மழை வெளிய இருக்குற கல்லு மேல விழுந்திருக்கு, அச்சு மேல விழல. அதனால காஸ்ஃபோர்த்ல எடுத்த உங்க போட்டோவை போன்ல வெச்சுக்கிட்டு அச்சோட ஒப்பிட்டுப் பாருங்க, சிகினோட கிண்ணத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.